தேவிபட்டினத்துக் காற்றில் ஒரு மின்சார சைக்கிள்: மூன்று வருட அனுபவம்

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஓட்டிய பழைய 22 இஞ்ச் சைக்கிள். பின்சக்கரத்தின் இடது பக்கம் 24 வோல்ட், 250 வாட் கியர் மோட்டார். அதிலிருந்து ஒரு தனிச் செயின் பின்சக்கரத்துக்குப் போகிறது. மிதிக்கிற செயின் வழக்கம்போல வலது பக்கம். பேட்டரி கேரியரில் ஒரு பெட்டிக்குள், கண்ட்ரோலர் சீட்டுக்குக் கீழே, ஆக்சிலேட்டர் வலது கைப்பிடியில். பிரேக் பிடித்ததும் மோட்டாருக்குப் போகும் கரண்டைத் துண்டிக்கும் லீவர்கள், மோட்டாரும் கண்ட்ரோலரும் சேர்த்து விற்கும் கிட்டோடு வந்தவை. மோட்டாரைத் தாங்கும் பட்டையை மட்டும் ஒரு வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்துகொண்டேன். மூன்று வருடத்துக்கு மேலாகத் தேவிபட்டினத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போய்வருவது இதில்தான். ஒரு வழிக்குப் பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர்.

சாலை கிழக்குக் கடற்கரைச் சாலைதான். மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கொடைக்கானல் அடிவாரத்தில் இருக்கிறவர் இதே கிட்டை வாங்கினால் அழுதுவிடுவார். நமக்கு அந்தக் கவலை இல்லை. அதனால்தான் தொடக்கத்தில் எல்லோரும் "நம்ம ஊருக்கு இது சூப்பரா இருக்கும்" என்றார்கள். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் காற்று இல்லை.

அதற்கு முன் பேட்டரி. முதல் ஒன்றரை வருடம் ஓட்டியது ஈய அமில பேட்டரியில். யுபிஎஸ்-க்குப் போடுகிற 12 வோல்ட் 12 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டை வரிசையில் இணைத்தால் 24 வோல்ட். பெருக்கிப் பார்த்தால் 288 வாட்-அவர், அதாவது பேட்டரிக்குள் அடங்கும் மொத்த மின்சக்தி. ஆனால் மேலே அச்சடித்திருக்கும் அந்த 12 என்பது, இருபது மணி நேரம் மெல்ல மெல்லக் கரண்ட் எடுத்தால் கிடைக்கிற அளவு. இந்த மோட்டார் பாரத்தோடு ஓடும்போது 13 ஆம்பியர் வரை இழுக்கும். அப்படி இழுத்தால் பாதிக்குச் சற்று மேலேதான் கைக்கு வரும். வேலை செய்யும் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் சார்ஜில் போட்டால்தான் சாயந்திரம் வீடு. எடை எட்டு கிலோ. கேரியரில் ஒரு சின்னப் பையனை உட்கார வைத்த மாதிரி வண்டி பின்னால் ஆடும். ஒரு வருடம் தாண்டியதும் தூரம் வாரத்துக்கு வாரம் குறைய ஆரம்பித்தது. தினமும் அடிவரை காலி செய்தால் ஈய அமில பேட்டரி இவ்வளவுதான் உழைக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. விலை குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும், செத்துப்போனதை எடைக்குப் போட்டாலும் காசு வரும். ஒரு நாளைக்கு ஆறேழு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு இன்றும் அதையே சொல்வேன்.

இப்போது இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 32650 என்ற பெரிய உருளை செல்கள், ஒன்று 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-அவர். மூன்று மூன்றாகச் சேர்த்து எட்டு வரிசை, ஆக 24 செல். 25.6 வோல்ட், 18 ஆம்பியர்-அவர், ஏறக்குறைய 460 வாட்-அவர். செல்களைப் பாதுகாக்கும் பிஎம்எஸ் போர்டோடு சேர்த்தும் எடை நாலு கிலோவைத் தொடவில்லை. பேக்கை நான் கட்டவில்லை, மதுரையில் கட்டி வாங்கினேன். சால்டரிங் அயர்னை செல்லின் தலையில் வைத்தால் சூடு உள்ளே இறங்கிக் கெடுக்கும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்தான் செய்ய வேண்டும், அந்த மெஷின் என்னிடம் இல்லை. இதற்கு 29.2 வோல்ட் சார்ஜர் தனியாக வேண்டும். பழைய ஈய அமில சார்ஜர் வீட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று இதில் மாட்டிவிடாதீர்கள்.

இனி காற்று.

எங்கள் ஊரிலிருந்து ராமநாதபுரம் தென்மேற்கே இருக்கிறது. சாலையும் கிட்டத்தட்ட அதே திசையில்தான் போகிறது. வருடத்தில் இரண்டு பெரிய காற்று நமக்கு: கச்சான் தென்மேற்கிலிருந்து, வாடை வடகிழக்கிலிருந்து. அதாவது இந்தச் சாலையில் காற்று பக்கவாட்டில் அடித்துவிட்டுப் போவது குறைவு. நேராக நெஞ்சில் அடிக்கும், இல்லாவிட்டால் நேராக முதுகில் தள்ளும்.

நெஞ்சில் அடித்தால் என்ன ஆகும் என்பதைச் சும்மா வாயால் சொன்னால் புரியாது. நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. உங்கள் உடம்புக்கு அது 40 கிலோமீட்டர் காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால் இரண்டு மடங்கு காற்றுக்கு நாலு மடங்கு தடை. அதே 20-இல் போக வேண்டுமென்றால் காற்றைத் தள்ள மட்டும் நாலு மடங்கு சக்தி வேண்டும். 250 வாட் மோட்டாரால் அது முடிகிற காரியமில்லை. வண்டி தானாகவே வேகம் குறையும், ஆம்பியர் மட்டும் மேலேயே நிற்கும். போய் இறங்கி மோட்டாரைத் தொட்டால் கை சுடும்.

என் வண்டியில், நான் லேசாக மிதித்துக்கொண்டே ஓட்டுகிற பழக்கத்தில், காற்றில்லாத விடியற்காலையில் கிலோமீட்டருக்குப் பத்து வாட்-அவர் போகும். நல்ல எதிர்க்காற்றில் பதினேழு, பதினெட்டு. முதுகுக்காற்றில் ஐந்து, ஆறு. போகும்போது பிடுங்கியதை வரும்போது கொடுத்துவிடும்தானே என்று தோன்றும். கொடுக்காது. எதிர்க்காற்றில் கூடுதலாகப் போவது ஏழெட்டு, முதுகுக்காற்றில் மிச்சமாவது நாலைந்து. காற்றடிக்கிற நாளில் போகவர மொத்தச் செலவு எப்போதும் கூடத்தான்.

இதில் ஒன்று ஓட்டி ஓட்டித்தான் புரிந்தது. கச்சானும் வாடையும் மொத்தத்தில் ஏறக்குறைய ஒரே அளவு பேட்டரியைத்தான் தின்கின்றன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான். காலையில் டவுனுக்குப் போகும்போது எதிரே அடிக்கும். பேட்டரி நிறைந்திருக்கிறது, உடம்பும் தெம்பாக இருக்கிறது, மெதுவாகப் போய்ச் சேரலாம். சாயந்திரம் அதுவே தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிடும். வாடைக்காலத்தில் எல்லாம் தலைகீழ். காலையில் பறந்து போவோம், "என்ன வண்டிடா" என்று இருக்கும். சாயந்திரம் பாதி தீர்ந்த பேட்டரி, நின்று நின்று சோர்ந்த கால், மழை இருட்டு, எதிரே வாடை. ஐப்பசி, கார்த்திகையில் நான் கடையிலேயே ஒரு சார்ஜர் வைத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். தூரக் கணக்குப்படி அது தேவையே இல்லை.

இரண்டையும்விட மோசம் ஒன்று உண்டு, யாரும் எதிர்பார்க்காதது: மார்ச் முதல் மே வரையான கோடை. அப்போது பெருங்காற்று இல்லை என்றுதான் நினைப்போம். ஆனால் விடிந்த பிறகும் கொஞ்ச நேரம் தரைக்காற்று மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசும். நண்பகலுக்குப் பிறகு தரை காய்ந்ததும் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே ஏறும். காலையில் மேற்கே போகிறவனுக்கும் எதிர், சாயந்திரம் கிழக்கே திரும்புகிறவனுக்கும் எதிர். இரண்டு வழியிலும் முகத்தில்தான். எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர், கடலுக்குப் போய் ஓய்ந்தவர், நான் ராமநாதபுரத்திலிருந்து வியர்த்து வந்து இறங்கும்போதெல்லாம், "கொண்டல் ஏறிருச்சுல்ல தம்பி? கரண்டை அணைச்சுட்டுப் பாயைக் கட்டு" என்பார். கொண்டல் என்பது கிழக்குக் காற்று. திரும்பும்போது பாய் கட்டினாலும் பின்னால்தான் போகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

தப்பிக்கும் வழி வேகத்தைக் குறைப்பதுதான். அதே 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 20-க்குப் பதில் 15-இல் போனால் காற்றுத் தடை ஏறக்குறைய கால்வாசி குறையும். கூடவே மிதிக்க வேண்டும். சாதாரண மனிதன் சிரமமில்லாமல் மிதித்தாலே ஐம்பது, அறுபது வாட் தருவான். எதிர்க்காற்றில் அது பெரிய உதவி. மிதிக்கவே மாட்டேன், ஆக்சிலேட்டரை மட்டும் முறுக்குவேன் என்கிறவர்கள் சொல்லும் தூரத்தையும் நான் சொல்லும் தூரத்தையும் ஒப்பிட வேண்டாம்.

எல்லாம் சேர்த்து, இந்த 460 வாட்-அவர் பேக்கில் அமைதியான நாளில் நாற்பது கிலோமீட்டர் போகிறது. வழி முழுக்க எதிர்க்காற்றென்றால் இருபத்திநாலு, இருபத்தைந்து. இரண்டுமே உண்மையான எண்கள்தான்.

பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிட்டோடு வந்த ஆக்சிலேட்டரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு. அவை ஈய அமில பேட்டரியின் வோல்டேஜை மனதில் வைத்துச் செய்தவை. லித்தியம் பாஸ்பேட் செல் தொடக்கத்தில் கொஞ்சம் இறங்கி, பிறகு பெரும்பகுதி நேரம் அசையாமல் ஒரே வோல்டேஜில் நிற்கும், கடைசியில் மடமடவென்று விழும். அதனால் பச்சை எரியும், எரியும், எரிந்துகொண்டே இருக்கும். அப்புறம் பிஎம்எஸ் மொத்தமாகத் துண்டித்துவிடும். ஷண்ட் (கரண்டை அளக்க உதவும் சிறு தடை) வைத்த ஆம்பியர்-அவர் மீட்டர் ஒன்றை ஹேண்டில்பாரில் மாட்டுங்கள். எத்தனை ஆம்பியர்-அவர் வெளியே போயிருக்கிறது என்று எண்ணிக் காட்டும். 18 இருக்கும் பேக்கில் 15 வந்தால் தீர்ந்தது என்று வைத்துக்கொள்கிறேன். இந்த வண்டிக்கு நான் வாங்கியதில் விலைக்கு மேல் உழைத்தது அந்த மீட்டர்தான்.

அடுத்தது உப்பு. வீடு கடலுக்கு மிக அருகில். வாங்கிய புதிதில் பளபளத்த கனெக்டர்கள் சில மாதத்தில் பச்சைக் களிம்பு பூத்தன. களிம்பு பூத்த இணைப்பில் தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் பிளாஸ்டிக் இளகும். ஒயரைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் அந்த இணைப்பைப் பிரித்துச் சுத்தம் செய்து வாஸ்லின் தடவி மூடுவது இப்போது மாதாந்திர வேலை. மோட்டார் செயினுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய். போக்ஸ் கம்பிகள் துருவேறி, மோட்டார் இழுக்கும் பக்கம் ஒவ்வொன்றாக அறுந்தன. பின்சக்கரத்துக்குக் கனத்த கம்பி போட்டு முடைந்த பிறகு சரி. கண்ட்ரோலர் பெட்டியின் ஒயர் வரும் துளைகளை சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டேன்.

உப்பில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம் ஆக்சிலேட்டர். உள்ளே காந்தத்தை உணரும் ஹால் சென்சார், மூன்று ஒயர். அதில் கிரவுண்ட் ஒயர் அரித்து அறுந்தால் சில கண்ட்ரோலர்கள் முழு வேகம் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். கைப்பிடியை விட்டாலும் வண்டி ஓடும். எனக்கு அப்படி நடக்கவில்லை, நடக்கவும் வேண்டாம் என்று பேட்டரி ஒயரில் கரண்டைத் துண்டிக்க ஒரு எம்சிபி சுவிட்ச் போட்டு, கை எட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். பிரேக் லீவரின் கட்-ஆஃப் வேலை செய்கிறதா என்று காலையில் கிளம்பும் முன் ஒருமுறை பார்ப்பது நல்லது.

சீமைக்கருவேல முள் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சர் இல்லாத மாதம் கிடையாது. சாதாரண சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றி ஒட்டுவது சின்ன வேலை. இதில் இரண்டு பக்கமும் செயின், இடது பக்கம் மோட்டார். பஞ்சர் கடைத் தம்பி தூரத்தில் என்னைப் பார்த்தாலே உள்ளே போய்விடுவான். சக்கரத்தைக் கழற்றாமல், டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து ஒட்டக் கற்றுக்கொண்டேன். டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே பழைய ட்யூபை வெட்டிப் போட்டதும் பஞ்சர் பாதியாகக் குறைந்தது, உருளும் தடை கொஞ்சம் கூடினாலும்.

கரண்ட் செலவு பேசுகிற அளவுக்கு இல்லை. காலியான பேக்கை நிறைக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாதக் கணக்கில் முப்பது யூனிட்டை ஒட்டி வருகிறது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெயிலில் வந்து இறங்கிய உடனே சார்ஜ் போடுவதில்லை, பேட்டரி ஆற ஒரு மணி நேரம் விடுகிறேன். ராத்திரி தூங்கும்போதும் போடுவதில்லை. பாஸ்பேட் செல் மற்ற லித்தியம் செல்களைவிட எளிதில் தீப்பிடிக்காது என்பது உண்மை. சார்ஜருக்கும் ஒயருக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது.

லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு: மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் குறைவு என்று அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் சான்று தந்த வண்டி மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் வாகனக் கணக்கில் வராது, பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. 500 வாட், 750 வாட் கிட் மாட்டி நாற்பதில் பறக்கிறவர்கள் அந்தச் சலுகைக்கு வெளியே இருக்கிறார்கள். விபத்து ஒன்று நடந்தால்தான் அது தெரியவரும்.

அப்புறம், ராமேஸ்வரம் வரை போகுமா என்ற கேள்வி. ராமநாதபுரத்திலிருந்தே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். உச்சிப்புளியிலோ மண்டபத்திலோ சொந்தக்காரர் வீட்டில் மூன்று நாலு மணி நேரம் சார்ஜ் போட்டு, சாப்பிட்டு, படுத்து எழுந்தால் போகலாம். ஆனால் பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இந்த வழியில் உண்மையான ஏற்றம் என்று இருப்பதே அதன் நடுப்பகுதிதான், இரண்டு பக்கமும் திறந்த கடல். பக்கத்துத் தண்டவாளத்தில் காற்று அளவு மீறினால் ரயிலையே நிறுத்திவைப்பார்கள். பேட்டரி தாங்கினாலும் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் சைக்கிளை அங்கே ஓரமாகப் பிடித்து ஓட்ட எனக்கு மனமில்லை. ராமேஸ்வரத்துக்கு நான் பஸ்ஸில்தான் போகிறேன்.