ட்ரெய்னரும் பவர் மீட்டரும் ஒரே வாட் காட்ட: எந்த வழியை நம்பலாம்?

சாலையில் பவர் மீட்டரை (மிதிக்கும் திறனை வாட்டில் அளக்கும் கருவி) நம்பிப் பயிற்சி செய்பவர், அதே சைக்கிளை வீட்டு ட்ரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவி) பொருத்தியதும் இரண்டு எண்கள் தென்படுகின்றன: பெடலில் உள்ள மீட்டர் 250 வாட் என்கிறது, ட்ரெய்னரோ 240 என்கிறது. இதைச் சரிக்கட்ட மூன்று வழிகள் உள்ளன: ட்ரெய்னருக்கு ஸ்பின்-டவுன் (சக்கரத்தைச் சுழலவிட்டு உராய்வை அளந்து சரிசெய்வது) செய்வது, பவர் மீட்டரின் அளவைக் கொண்டே ட்ரெய்னரைக் கட்டுப்படுத்தும்படி செயலியில் அமைப்பது, வேறுபாட்டைச் சதவீதமாகக் கணக்கிட்டுக் கூட்டிக்கொள்வது.

இவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு முன், அந்த 10 வாட்டில் ஒரு பங்கு நியாயமானது என்பதை ஏற்க வேண்டும். பெடல் கால் தரும் விசையை அங்கேயே அளக்கிறது. ட்ரெய்னரோ செயினும் பல்சக்கரங்களும் 2 முதல் 4 சதவீதம் வரை தின்றது போக மிஞ்சியதைத்தான் அளக்கிறது. அதோடு இரு கருவிகளுக்கும் 1 அல்லது 2 சதவீதப் பிழை வரம்பு உண்டு. ஆகவே ட்ரெய்னர் சற்றுக் குறைவாகக் காட்டுவது இயல்பு. பெடலைவிட அது தெளிவாகக் கூடுதலாகக் காட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

டயர் உருளையின் மேல் அழுந்தி ஓடும் வகை ட்ரெய்னருக்கு ஸ்பின்-டவுன் கட்டாயம். பத்து நிமிடமாவது ஓட்டிச் சூடேற்றி, டயர் காற்றையும் உருளையின் அழுத்தத்தையும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வைத்து, செயலி சொல்லும் வேகத்தை எட்டியதும் மிதிப்பதை நிறுத்தினால், சக்கரம் வேகமிழக்க எடுக்கும் நேரத்திலிருந்து உராய்வு கணக்கிடப்படுகிறது. பின்சக்கரத்தைக் கழற்றிப் பொருத்தும் வகைக்கு இது எப்போதாவது போதும். அவ்வகையில் டாக்ஸ் நியோ போன்ற மாடல்களுக்குத் தேவையே இல்லை. ஆனால் ஸ்பின்-டவுன் ட்ரெய்னரைத் தன்னளவில் சரியாக்குமே தவிர, உங்கள் மீட்டரோடு இணங்க வைக்காது.

இணங்க வைப்பது இரண்டாவது வழி. ட்ரெய்னர்ரோடு (TrainerRoad) என்னும் பயிற்சிச் செயலியில் இதற்குப் பவர்மேட்ச் என்று பெயர். சாலையில் அளந்த எஃப்டிபியை (ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அதிகபட்சச் சராசரி வாட்) வைத்து எர்க் மோடில் (ட்ரெய்னரே எதிர்ப்பை மாற்றிக் குறித்த வாட்டில் நிறுத்தும் முறை) பயிற்சி செய்பவருக்கு இதையே பரிந்துரைப்பேன். ஏனெனில் 5 சதவீதம் குறைத்துக் காட்டும் ட்ரெய்னர், அந்த அளவு கூடுதலாக மிதிக்க வைத்து, தாங்கக்கூடிய இருபது நிமிடத் தீவிர முயற்சியைப் பாதியிலேயே கைவிட வைத்துவிடும். குறுகிய வேக முயற்சிகளில் மட்டும் எதிர்ப்பு சற்றுத் தாமதமாக மாறும். இடது காலை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் மீட்டர் உள்ளவருக்கு இவ்வழி பொருந்தாது. உண்மையான 250 வாட்டில் இடது காலின் பங்கு 48 சதவீதம் என்றால் மீட்டர் 240 என்றே காட்டும். அந்தக் குறையை ஈடுகட்ட ட்ரெய்னர் தேவைக்கு மேல் இறுக்கும்.

சதவீதக் கணக்கு மூன்றிலும் பலவீனமானது. 150 வாட்டில் உள்ள வேறுபாடு 300 வாட்டிலும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சூடேறும் முன்பும் பின்பும்கூட அது மாறும்.

எந்த வழியானாலும், ஓட்டத் தொடங்கும் முன் பவர் மீட்டருக்கு ஜீரோ ஆஃப்செட் (விசை இல்லாதபோது பூஜ்ஜியம் காட்டும்படி சரிசெய்வது) செய்வது அவசியம். மீட்டர் மீதே ஐயம் இருந்தால், அதன் செயலி முறுக்குவிசையைக் காட்டுமானால், எடை கட்டிச் சோதிக்கலாம்: பின் பிரேக்கைப் பிடித்து, 172.5 மி.மீ. கிராங்கை (பெடலைத் தாங்கும் தண்டு) கிடைமட்டமாக நிறுத்தி, பெடல் அச்சில் சரியாக 20 கிலோவைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய 33.8 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். இடதுபக்க மீட்டர் மட்டும் உள்ளவர் எஃப்டிபி சோதனையை ட்ரெய்னரிலேயே தனியாகச் செய்து, வீட்டுப் பயிற்சிக்கு அந்த எண்ணையே வைத்துக்கொள்வது நல்லது.