உள்ளூரில் அரசு வேலை: மாவட்டச் சேவைகளில் எதற்கு எவ்வளவு மதிப்பு?

சத்துணவு மையம், அங்கன்வாடி, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா அலுவலகத்துக்குக் கீழே கிராம உதவியாளர், பக்கத்து அரசுப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். தமிழ்நாட்டில் இந்த வேலைகளுக்கு டிஎன்பிஎஸ்சி ஆள் எடுப்பதில்லை. மாவட்ட அளவிலோ அதற்குக் கீழேயோ விண்ணப்பம் வாங்கி, சரிபார்த்து, ஆணை கொடுத்து முடித்துவிடுகிறார்கள். இதற்கான அரசுச் சேவைகள் நாலைந்து இருக்கின்றன. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டுக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்கிறவர்கள் மற்றவற்றை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வேலை பெரும்பாலும் அந்த மற்றவற்றில்தான் இருக்கிறது.

முதலில் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இணையப் பதிவு. கட்டணம் கிடையாது. ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்று, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஒரு கைபேசி எண் போதும். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்தவர்களுக்கு மதிப்பெண் சான்று கொடுக்கும் நாட்களில் பள்ளியிலேயே பதிந்து தருகிறார்கள். அதைத் தவற விடாதீர்கள். அந்த ஆண்டு அந்த நாட்களில் பள்ளியில் பதிந்த அத்தனை பேருக்கும் ஒரே பதிவு மூப்பு, அதாவது பதிந்த நாளை வைத்து அமையும் வரிசை, கிடைக்கும். முதுகலை, தொழிற்கல்விப் பட்டங்களை மட்டும் சென்னையிலோ மதுரையிலோ உள்ள தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் கீழ் பதிய வேண்டும்.

பதிவு மூப்புக்கு இன்று எவ்வளவு மதிப்பு? ஒரு துறை ஆள் கேட்டால், அந்தத் தகுதிக்கும் இனச்சுழற்சிக்கும் (இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு முறை வைத்து இடம் தரும் வரிசை) பொருந்துகிறவர்களை மூப்பு வரிசையில் பரிந்துரைப்பது இந்த அலுவலகத்தின் பழைய வேலை. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவர்களை மட்டும் அழைத்தால் போதாது, பொது அறிவிப்பும் வெளியிட்டு விண்ணப்பித்த எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் பட்டியலில் பெயர் வந்தவரும், நாளிதழில் விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தவரும் ஒரே அறையில் நேர்காணலுக்கு உட்காருகிறார்கள். எனவே பதிவை ஒரு கூடுதல் வாய்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

இந்தத் தளத்தில் சொதப்பும் இடங்கள் எப்போதும் அதேதான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், விட்டால் மூப்பு போய்விடும். விடுபட்டவர்களுக்கு அரசு அவ்வப்போது சலுகை அறிவிப்பதுண்டு, ஆனால் அது எப்போது வரும் என்பதை நம்பி இருக்க முடியாது. பதிவின்போது கொடுத்த கைபேசி எண் கைமாறிப் போயிருந்தால் கடவுச்சொல்லை மீட்பதற்குள் பாடாய்ப் படுத்திவிடும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை: பிளஸ் டூவோடு பதிந்தவர் பட்டம் வாங்கியதும் தட்டச்சு முடித்ததும் தானாக அட்டையில் ஏறாது. நாமேதான் சேர்க்க வேண்டும், சேர்த்த நாளிலிருந்துதான் அந்தத் தகுதிக்கு மூப்பு. டிகிரி முடித்து நாலு வருடம் கழித்துச் சேர்த்தால் நாலு வருடம் போனது போனதுதான். ஆதரவற்ற விதவை, முன்னாள் ராணுவத்தினர் போன்ற முன்னுரிமைகளைச் சான்றிதழோடு நேரில் போய்ப் பதிவது நல்லது. ஆதரவற்ற விதவைச் சான்று கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கொடுப்பதாக இருக்க வேண்டும். வட்டாட்சியர் கொடுத்த விதவைச் சான்றை நீட்டினால் ஏற்க மாட்டார்கள்.

வேலை தராவிட்டாலும் இந்த அலுவலகம் தருகிற இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, வேலையில்லாதோருக்கான உதவித்தொகை. பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. பதிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வயது 40-க்குள், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 45-க்குள். மூன்று ஆண்டு வரை வரும். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்காரர்களுக்குக் கிடையாது. இன்றைய விலைவாசியில் 600 ரூபாய் என்ன செய்யும் என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டாவது விஷயம் உண்மையிலேயே உருப்படியானது: அலுவலகத்தோடு இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டம். போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு, புத்தகம், மாதிரித் தேர்வு எல்லாம் உண்டு. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டும் முன் இங்கே ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் வேலைவாய்ப்பு முகாம்கள் தனியார் கம்பெனிகளுக்கானவை, நம் தேடலுக்கு அவை வேறு கணக்கு.

இனி முக்கியமான இடம், மாவட்ட ஆட்சியரகத்தின் இணையதளம். 38 மாவட்டங்களுக்கும் தனித்தனியாக உண்டு. மாவட்டப் பெயருக்குப் பின்னால் புள்ளி என்ஐசி புள்ளி இன் என்று போட்டால் வந்துவிடும். அதில் அறிவிப்புகள் என்ற தலைப்பின் கீழ் ஆட்சேர்ப்பு என்று ஒரு பக்கம் இருக்கும். மாவட்ட நலவாழ்வு சங்கத்தின் செவிலியர், லேப் டெக்னீசியன், டேட்டா என்ட்ரி வேலைகள், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், சத்துணவு, கிராம உதவியாளர் என்று எல்லாம் இங்கேதான் ஏறும். செய்திக்குறிப்பாக நாளிதழின் மாவட்டப் பக்கத்திலும் வரும், ஆனால் விண்ணப்பப் படிவமும் விதிமுறையும் முழுதாகக் கிடைப்பது இங்கே.

குறையைச் சொல்லாமல் விட முடியாது. புதிய அறிவிப்பு வந்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வராது. நாமேதான் போய்ப் பார்க்க வேண்டும். பல வேலைகளுக்கு அவகாசம் பத்துப் பதினைந்து நாள்தான், மாதம் ஒருமுறை பார்க்கிறவர் கோட்டை விடுவார். வாரம் இரண்டு முறை பார்ப்பது பாதுகாப்பு. அறிவிப்புகள் ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பதால் தேடு பெட்டியில் எழுத்தைத் தட்டினால் எதுவும் அகப்படாது. தமிழ்ப் பக்கத்தில் இல்லாதது ஆங்கிலப் பக்கத்தில் இருக்கலாம், இரண்டையும் திறந்து பாருங்கள். கடைசி நாள் முடிந்தவை காப்பகத்துக்குப் போய்விடும். போன ஆண்டு என்னென்ன கேட்டார்கள் என்று அறிய அந்தக் காப்பகம் நல்ல புதையல். வாட்ஸப்பில் சுற்றும் அறிவிப்பு உண்மையா என்று சோதிக்கவும் இதுவே வழி. தளத்தில் இல்லை, அலுவலகப் பலகையிலும் இல்லை, ஆனால் கூகுள் பேயில் பணம் கேட்கிறார்கள் என்றால் மேலே யோசிக்க ஒன்றுமில்லை.

அறிவிப்பில் சம்பளத்தைப் பார்க்கும் முன் இனச்சுழற்சிக் கட்டத்தைப் பாருங்கள். ‘காலியிடம் 1, பொதுப்பிரிவு, பெண்கள், ஆதரவற்ற விதவை, முன்னுரிமை பெற்றவர்’ என்று ஒரே வரியில் இருக்கும். பொதுப்பிரிவு என்றால் எந்தச் சாதியினரும் விண்ணப்பிக்கலாம், அது முற்பட்ட வகுப்புக்கு ஒதுக்கிய இடம் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். மறுபுறம், அந்த இடம் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு என்று குறிப்பிட்டிருக்கும்போது பிற்படுத்தப்பட்டவர் எவ்வளவு மார்க் வைத்திருந்தாலும் பயனில்லை. தமிழ்நாட்டில் 30 விழுக்காடு பிற்படுத்தப்பட்டோருக்கு, இதில் முஸ்லிம்களுக்கான 3.5 அடக்கம், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 18, அதில் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. இருநூறு இடங்கள் கொண்ட சுழற்சியில் அந்த அலுவலகம் இப்போது எந்த எண்ணில் நிற்கிறதோ அதைப் பொறுத்தே அந்த ஒற்றைக் காலியிடம் யாருக்கு என்பது அமையும்.

விண்ணப்பம் பெரும்பாலும் காகிதம்தான். உறையின் மேல் பதவியின் பெயரை எழுதுவது, சான்றுகளின் நகலில் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம், கேட்டிருந்தால் தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறை, பதிவுத் தபால் அல்லது நேரில் கொடுத்து ஒப்புகை. மாலை 5.45-க்குள் என்றால் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். அன்றைக்குத் தபாலில் போட்டால் செல்லாது. இனிஷியல் ஒரு சான்றில் முன்னும் ஒன்றில் பின்னும் இருப்பது பெரிய தொல்லை இல்லை. ஆதாரில் ஒரு பெயரும் மதிப்பெண் பட்டியலில் இன்னொரு பெயரும் இருந்தால் அரசிதழ் வரை போக வேண்டிவரும், அதை அறிவிப்பு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் பெண்களுக்கு அதிக இடம் திறப்பது சத்துணவும் அங்கன்வாடியும். 2025-இல் அங்கன்வாடியில் 7,783 இடங்களை நிரப்ப அரசு ஒப்புதல் கொடுத்தது: பணியாளர் 3,886, குறு அங்கன்வாடிப் பணியாளர் 305, உதவியாளர் 3,592. பணியாளருக்குப் பிளஸ் டூ தேர்ச்சி, முதல் ஓராண்டு தொகுப்பூதியம் (மாதம் ஒரே தொகையாகத் தருவது) 7,700 ரூபாய், உதவியாளருக்கு 4,100. ஓராண்டு முடிந்தபின் காலமுறை ஊதியம், அதாவது ஆண்டுக்கு ஆண்டு ஏறும் சம்பளம். சத்துணவுச் சமையல் உதவியாளருக்கு அறிவித்தவை 8,997 இடங்கள், தொகுப்பூதியம் 3,000. மூவாயிரத்துக்கு ஒரு பள்ளிக்கே சமைக்கச் சொல்வது நியாயமா என்பது வேறு கேள்வி.

இந்த இரண்டிலும் ஆளைத் தள்ளிவிடுவது படிப்பைவிட முகவரிதான். சத்துணவு மையத்துக்கும் வீட்டுக்கும் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த பெண்ணின் ஆதாரில் அம்மா வீட்டு முகவரி இருக்கும், குடும்ப அட்டையில் பெயர் மாறியிருக்காது. எதிர்வீட்டிலேயே மையம் இருந்தாலும் காகிதப்படி அவர் வேறு ஒன்றியத்துக்காரர். குடும்ப அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை மூன்றையும் ஒரே முகவரிக்குக் கொண்டுவருவதுதான் இந்த வேலைக்கான முதல் தயாரிப்பு. கிராம உதவியாளர் வேலைக்கும் இருப்பிடம் அப்படியே முக்கியம்; அங்கே வாசித்தல், எழுதுதல் சோதனையும் சைக்கிள் அல்லது பைக் ஓட்டிக் காட்டுவதும் சேரும். ஊதியம் 11,100 முதல் 35,100 வரையிலான சிறப்புக் காலமுறை என்பதால் போட்டி கடுமை.

ரேஷன் கடைக்கு மாவட்ட ஆட்சேர்ப்பு நிலையம் என்று தனித் தளம். மேற்சொன்னவற்றில் ஒழுங்காக இயங்குவது இதுதான் என்பது நம் கணிப்பு. விண்ணப்பம் முழுக்க இணையவழி, ஹால் டிக்கெட்டும் முடிவும் அதே தளத்தில் கிடைக்கும். விற்பனையாளருக்குப் பிளஸ் டூ, பொருளை எடைபோட்டுக் கட்டித் தரும் கட்டுநருக்குப் பத்தாம் வகுப்பு. எழுத்துத் தேர்வு இல்லை, அந்தத் தகுதியில் வாங்கிய மதிப்பெண்ணும் நேர்காணலும்தான். முதல் ஆண்டு விற்பனையாளருக்கு 6,250, பிறகு 8,600 முதல் 29,000 வரை. பட்டதாரிகள் கூட்டம் கூட்டமாக விண்ணப்பிக்கிறார்கள், ஆனால் பார்ப்பது பிளஸ் டூ மார்க்கைத்தான். கூட்டுறவுச் சங்க உதவியாளர் வேலையும் இதே தளத்தில் வரும். அதற்குக் கூட்டுறவுப் பயிற்சிப் பட்டயம் வேண்டும்.

பள்ளிக்கு வருவோம். அரசுப் பள்ளியில் காலியிடம் இருந்து நிரந்தர ஆசிரியர் வரும்வரை பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை எடுக்கிறார்கள். இடைநிலை ஆசிரியருக்கு 12,000, பட்டதாரி ஆசிரியருக்கு 15,000, முதுகலை ஆசிரியருக்கு 18,000 என்ற அளவில் தொகுப்பூதியம். அறிவிப்பைப் பள்ளித் தகவல் பலகையிலும் மாவட்டக் கல்வி அலுவலகத்திலும் ஒட்டுவார்கள். இதற்கு இணையதளத்தைவிட ஜூன், ஜூலையில் நாலு தலைமை ஆசிரியர்களைப் போய்ப் பார்த்துத் தகுதிச் சான்றுகளின் நகலைக் கொடுத்து வருவதே பயன் தரும். ஆசிரியர் தகுதித் தேர்வு தேறியவருக்கும் அருகில் வசிப்பவருக்கும் முன்னுரிமை.

அரசு உதவிபெறும் பள்ளிகளில் நியமனம் செய்வது நிர்வாகம், சம்பளம் கொடுப்பது அரசு, நடுவில் கல்வித் துறையின் ஒப்புதல். சிக்கல் அந்த நடுவில்தான். நிர்வாகத்தின் பணி ஆணையோடு வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டு, அந்த இடம் ஆசிரியர் மாணவர் விகிதப்படி உபரி என்று தெரிந்து ஒப்புதல் வராமல் சம்பளமின்றி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறுகிறவர்கள் உண்டு. சேரும் முன் அந்தப் பள்ளியின் பணியிட நிர்ணய ஆணையைக் காட்டச் சொல்லுங்கள், நிரப்ப அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். காட்டத் தயங்கி நன்கொடை பற்றிப் பேசினால் எழுந்து வந்துவிடலாம்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் வேலை கேட்டு மனு கொடுப்பதை நம்பிப் பலர் பஸ் செலவு செய்கிறார்கள். மனு முத்திரையோடு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போகும், ‘அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம்’ என்று பதில் வரும். அதைவிட, தேர்வு முடிந்தபின் உங்கள் மதிப்பெண்ணும் தேர்வானவரின் மதிப்பெண்ணும் கேட்டுப் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போடுவது உபயோகம். அடுத்த முறை எங்கே குறைந்தது என்று தெரியும்.

நலவாழ்வு சங்கம் போன்ற இடங்களில் ஒப்பந்தம் பதினோரு மாதம், பிறகு ஒருநாள் இடைவெளி விட்டு நீட்டிப்பு என்று ஓடும். ஒருநாள் நிரந்தரம் ஆக்குவார்கள் என்று யாராவது சொன்னால், 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காலிகப் பணியால் மட்டும் நிரந்தர உரிமை வராது என்று தீர்ப்புச் சொல்லியிருப்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு நீட்டிப்பு ஆணையின் நகலையும், சம்பளம் ஏறிய வங்கிப் பக்கத்தையும் தனிக் கோப்பில் போட்டு வையுங்கள். அனுபவச் சான்று கேட்கும் அடுத்த அறிவிப்பில், அலுவலர் மாறிப்போன அலுவலகம் அதைப் புதிதாகத் தேடி எடுத்துக் கொடுக்காது.