ஹாட் டப் தண்ணீருக்கு எந்த மருந்து? மூன்று வருட அனுபவம்

மஸ்கட்டிலிருந்து திரும்பிய அண்ணன், அப்பாவின் முட்டுவலிக்காக வாங்கிப் போட்டது இந்த ஹாட் டப், அதாவது உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி. 1,200 லிட்டர். மணவாளக்குறிச்சி பக்கம் எங்கள் வீட்டுப் பின்வாசலில் இருக்கிறது. மூன்று வருடமாகத் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது நான்தான்.

முதலில் கடையில் கொடுத்ததை அப்படியே போட்டேன். கிருமியைக் கொல்ல நீச்சல் குளத்தில் போடும் டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரை. இரண்டு வாரத்தில் அப்பா கண் எரிகிறது என்றார். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததால் நான் நம்பவில்லை. சோதனைத் தாளை முக்கினால் பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்; குறைந்தால் அமிலம்) கடைசி மஞ்சள் கட்டத்தில் நிற்கிறது, அதாவது 6.2 அல்லது அதற்கும் கீழே. இருக்க வேண்டியது 7.2 முதல் 7.8. அந்த மாத்திரை கரைந்தால் அமிலம், இத்தனை சின்னத் தொட்டிக்கு ஆகாது.

அடுத்து, கிணற்றுக்குப் போடுவதுதானே என்று பிளீச்சிங் பவுடர். எங்கள் போர் தண்ணீரில் ஏற்கெனவே சோப்பு நுரைக்காது. பவுடரில் உள்ள சுண்ணாம்பும் சேர்ந்ததும் தண்ணீர் பீய்ச்சும் ஜெட் துளைகளைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு. நகத்தால் சுரண்டினால் முட்டை ஓடு மாதிரி பெயர்ந்து வந்தது. ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: டிரைகுளோர் எடுத்த கரண்டியைப் பிளீச்சிங் பவுடரில் போடவே கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். மீதி மாத்திரையை வீட்டைவிட்டு அப்புறப்படுத்திய பிறகுதான் எனக்கு உறக்கம் வந்தது.

இப்போது இரண்டரை வருடமாக டைகுளோர் என்ற இன்னொரு குளோரின் தூள். பெயர் ஒன்றுபோல இருப்பதால் டப்பாவைப் படித்து வாங்குங்கள். இது சட்டென்று கரையும், பி.எச்.சை அதிகம் அசைக்காது. எங்கள் தொட்டிக்கு 6 கிராம் போட்டால் குளோரின் சுமார் 3 பி.பி.எம். (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) ஏறும். 3க்கும் 5க்கும் நடுவில் வைத்திருக்கிறேன். பி.எச்.சை ஆடாமல் பிடித்து வைக்கும் காரத்தன்மை 80 பி.பி.எம்.முக்குக் கீழே போனால் 40 கிராம் ஆப்பச் சோடா, அது 20 பி.பி.எம். ஏற்றும். ஒரு குறை உண்டு. டைகுளோரோடு வரும் சயனூரிக் அமிலம் தண்ணீரிலேயே சேர்ந்துகொண்டு போகும், கூடினால் குளோரின் மந்தமாகிவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்கிறோம். நிரப்பும்போது பாதிக்குப் பாதி மழைத்தண்ணீர். ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மழை பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் இது ஒரு பெரிய வசதி. பொருக்கு நின்றுவிட்டது.

குளோரினுக்குப் பதிலாகப் போடும் புரோமினும் ஒரு கோடையில் போட்டுப் பார்த்தேன். சூட்டை நன்றாகத் தாங்குகிறது, வாடையும் குறைவு. ஆனால் விலை கூடுதல், வெயில் பட்டால் சீக்கிரம் போய்விடுகிறது. தொட்டி வீட்டுக்குள் என்றால் தைரியமாக வாங்கலாம்.

என்னை அதிகம் கஷ்டப்படுத்தியது தேங்காய் எண்ணெய். போன வருடம் அக்கா பிள்ளைகள் நாலு பேரும், திற்பரப்பு அருவிக்குப் போவதுபோல உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து இறங்கிவிட்டார்கள். காலையில் 4 இருந்த குளோரின் ராத்திரி பூஜ்யம். தண்ணீர் மேல் சாம்பல் நிற நுரை. நான் பார்ப்பதற்குள் மறுநாளும் இறங்கியிருந்தார்கள். இரண்டு நாளில் சின்னவனுக்கு டிரவுசர் மூடிய இடமெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. குளோரின் இல்லாத வெந்நீரில் வளரும் சூடோமோனாஸ் கிருமி என்றார் டாக்டர். ஒரு வாரத்தில் சரியானது.

அன்றைக்கே தண்ணீரைக் கொட்டி, பில்டரையும் மாற்றினேன். இப்போது யாரானாலும் பின்வாசல் குழாயடியில் சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் இறங்கலாம். அப்பாவும் மூட்டுத் தைலத்தைக் குளித்துவிட்டு வந்துதான் தேய்த்துக்கொள்கிறார்.