கல்வெட்டா, சஞ்சிகையா: குடும்ப வரலாற்றை எங்கே எழுதுவது?

போன மாதம் மாங்குளத்தில் இருந்து மச்சாள் போன் எடுத்தாள். மாமாவின் 31ஆம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "கல்வெட்டில எங்கட வம்சத்தை நாலு பக்கத்தில போட்டுவிடுவமோ, இல்லாட்டி நீங்கள் செய்த மாதிரி சஞ்சிகைக்கு எழுதி அனுப்புவமோ, மச்சான்?" என்று கேட்டாள். செத்த வீட்டு அவசரத்தில் அவளுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இங்கே முழுதாகச் சொல்கிறேன். நான் இரண்டையும் செய்தவன். சஞ்சிகைப் பக்கம் சாய்ந்தவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஈழத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சொல். இங்கே கல்வெட்டு என்பது கல்லில் வெட்டியது அல்ல. ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் என்ற கிரியைகள் முடிந்து சாப்பிட்டுப் போகும்போது கையில் தரும் சிறு புத்தகம். அட்டையில் படம், உள்ளே சிவபுராணம், தேவாரம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, கடைசியில் வம்சாவழியும் நன்றி நவிலலும். பல வீடுகளில் குடும்ப வரலாறு அச்சேறும் ஒரே இடம் அதுதான்.

அதன் நல்ல பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த ஒரு மாதமும் சொந்தம் முழுவதும் ஒரு பந்தலுக்குள் இருக்கும். கனடாவில் இருந்து வந்த சித்தப்பாவும் துணுக்காயில் இருந்து வந்த பெரியம்மாவும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து, யார் யாருக்கு என்ன முறை என்று வாதாடுவார்கள். ஒரு கொப்பியோடு பக்கத்தில் போய் இருந்தால் போதும், ஆறு மாதம் அலைந்தாலும் கிடைக்காதது ஒரு பின்னேரத்தில் கிடைக்கும். அச்சுச் செலவையும் குடும்பமே பகிர்ந்துகொள்ளும்.

அப்புறம் அதன் கெட்ட பக்கம். 2015இல் அப்பாவின் கல்வெட்டை எழுதியது நான்தான். "யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளவயதில் கிளிநொச்சிக்கு வந்து" என்று தொடங்கினேன். இடப்பெயர்வில் எல்லாம் தொலைந்த பிறகு மீள எடுத்த பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியில் மாவட்டம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அதைப் பார்த்து எழுதினேன், அவ்வளவுதான். ஆனால் அப்பா 1946இல் பிறந்தவர். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முன் இங்கே பிறந்த எல்லோருக்கும் மாவட்டம் யாழ்ப்பாணம்தான். அப்பா பிறந்தது இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் எங்கள் வயற்கரை வீட்டில். இதே மாதிரி 1978க்கு முன் முள்ளியவளையில் பிறந்தவரின் பத்திரத்தில் வவுனியா மாவட்டம் என்று இருக்கும், ஏனென்றால் முல்லைத்தீவு மாவட்டம் அந்த ஆண்டில்தான் வந்தது.

சின்னப் பிழைதானே என்று நினைத்தேன். ஆனால் கல்வெட்டுக்கு இரண்டாம் பதிப்புக் கிடையாது. அச்சடித்த 300 பிரதியும் 300 வீட்டுச் சாமியறைக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் லண்டனில் உள்ள தம்பி முறையான ஒருவன் அதைப் பார்த்து வம்சாவழி வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதில் அப்பா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பிறகு அத்தை இறந்தபோது அவரின் கல்வெட்டை எழுதியவர்கள் அந்த வரைபடத்தைப் பார்த்து எழுதினார்கள். இப்போது என் பிழைக்கு மூன்று சாட்சி இருக்கிறது. இது போதாதென்று அச்சகத்தார் பெரியப்பா படத்துக்குக் கீழே சித்தப்பா பெயரைப் போட்டிருந்தார்கள். அதைப் பற்றி இன்றைக்கும் வீட்டில் பேச முடியாது.

இன்னொன்றும் உண்டு. கல்வெட்டில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். துக்க வீட்டில் கேட்கவும் கூடாது. அதனால்தான் வன்னிக் கல்வெட்டுகளில் பாதிக் குடும்பம், வெள்ளைக்காரரோடு சண்டை பிடித்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் வழி வந்ததாக இருக்கிறது. 1803இல் கற்சிலைமடுவில் தோற்ற அந்த மனிதருக்கு இத்தனை பேரப்பிள்ளைகள் இருந்திருந்தால் அவர் தோற்றிருக்கவே மாட்டார்.

தனிப் புத்தகம் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். காசும் பொறுமையும் உள்ளவர்கள் போடட்டும். எனக்கு இரண்டும் இல்லை. இணையத்தில் குடிமரம் வரையும் செயலிகளை ஒரு மாதம் பாவித்துப் பார்த்தேன், அதற்கு மேல் அனுபவம் இல்லை. குடும்பப் பெயர் என்ன என்று முதற் பெட்டியிலேயே கேட்கும். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும், தலைமுறைக்குத் தலைமுறை அதுவும் மாறும். மாற்றுச் சம்பந்தம், அதாவது பெண் கொடுத்துப் பெண் எடுத்தல், செய்த வீடுகளில் ஒரே ஆள் மரத்தில் இரண்டு கிளையில் தொங்குவார். பிள்ளைகளுக்குக் காட்ட நல்லது. அதில் கதை எழுத இடமில்லை.

சரி, சஞ்சிகைக்கு வருகிறேன். பிரதேச கலாசாரப் பேரவைகள் போடும் ஆண்டு மலர்களும் ஊர் வரலாற்றுக்கு என்று சிலர் கைக்காசில் நடத்தும் சிற்றிதழ்களும் குடும்ப வரலாற்றுக் கட்டுரைகளை எடுக்கின்றன. நான் அனுப்பியது இரண்டாவது வகைக்கு. எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினேன். மூன்று வாரத்தில் ஆசிரியரிடம் இருந்து கட்டுரை திரும்பி வந்தது, ஓரங்களில் பென்சிலால் பதினொரு கேள்விகளோடு. அதில் ஆறு கேள்வி ஒரே கேள்விதான்: "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முதலில் கோபம் வந்தது. அப்பப்பா சொன்னது, அப்பா சொன்னது, வேறு எப்படித் தெரியும்? பிறகு அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு அலைந்ததுதான் அந்த வருடத்தின் நல்ல வேலை. அப்பப்பா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இருந்து எந்த ஆண்டு வந்தார் என்பதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது. குடியேற்றத் திட்டத்துக் காணி என்றால் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேர்மிற் (காணி அனுமதிப் பத்திரம்) இருந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். எங்கள் பேர்மிற் 2009இல் முள்ளிவாய்க்காலுக்குப் போன வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. ஆனால் பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில் பேரேட்டுப் பதிவு தப்பியிருந்தது. கொடுத்த திகதி, ஏக்கர், பின்னுரித்தாளராக (தனக்குப் பிறகு காணி சேர வேண்டியவராக) நியமித்தவரின் பெயரும் முறையும் எல்லாம் அதில் உண்டு. பின்னுரித்தாளராக அப்பப்பா முதலில் எழுதியது அப்பாவை அல்ல, பெரியத்தையை! பிறகுதான் மாற்றியிருக்கிறார். அது ஏன் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, இப்போது எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். வன்னியில் காணிக்குப் பேர்மிற் உள்ள எந்தக் குடும்பமும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தப் பேரேடு.

பண்டாரவன்னியன் பந்தியை ஆசிரியர் ஒரே கோட்டில் வெட்டிவிட்டார். அது எங்கள் வீட்டிலும் இருந்தது, மறைக்கவில்லை. வடமராட்சியில் இருந்து வந்த குடும்பம் எப்படி அவர் வழி வரும் என்று நானே ஒரு நாளும் யோசித்ததில்லை.

இதுவரை சொன்னதற்காக மட்டும் நான் சஞ்சிகைப் பக்கம் சாயவில்லை. கேள்வி கேட்கும் ஒருவரைக் கல்வெட்டுக்கும் பிடிக்கலாம், நேரம் இருந்தால். என்னைச் சாய்த்தது கட்டுரை வந்து ஆறு மாதத்துக்குப் பிறகு நடந்தது.

கட்டுரையில் ஒரு வரி இருந்தது: அப்பப்பாவோடு ஒரே ஊரில் இருந்து ஐந்து குடும்பங்கள் வந்தன, மூன்றைத்தான் தெரியும், மற்ற இரண்டையும் அறிந்தவர்கள் எழுதுங்கள். சஞ்சிகை முகவரிக்கு வவுனியாவில் இருந்து ஒரு முதியவர் கடிதம் போட்டிருந்தார். அந்த இரண்டில் ஒன்று அவரின் குடும்பம். கடிதத்தோடு அவரின் அப்பாச்சியுடைய சீதன உறுதியின் (சீதனமாகக் கொடுத்த காணியின் பத்திரத்தின்) போட்டோப் பிரதி ஒன்று. எங்கள் குடும்பத்துக்கும் அந்த உறுதிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பழைய உறுதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காணியின் நாலு எல்லையையும் எழுதும்போது பக்கத்துக் காணிக்காரரின் பெயரையும் நொத்தாரிசு எழுதுவார். தெற்கு எல்லையில் எங்கள் பூட்டியின் பெயர் இருந்தது. இன்னாரின் மகள், இன்னாரின் பெண்சாதி என்று. பூட்டியின் தகப்பன் பெயரை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு தலைமுறை, யாரோ ஒருவரின் காணி வேலிக்கு மறுபக்கத்தில் இத்தனை காலம் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

மச்சாளுக்கு நான் அழுத்திச் சொல்ல நினைத்தது இதைத்தான். வன்னிக் குடும்பங்களிடம் சொந்தக் கடதாசி இல்லை. 1990கள் முழுவதும் ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடம், கடைசியில் செட்டிக்குளம் முகாம். ஒரு சொப்பிங் பைக்குள் எது கொள்ளுமோ அதுதான் மிஞ்சியது. ஆனால் எங்கள் பெயர்கள் மற்றவர்களின் உறுதியில், மற்றவர்களின் கலியாணப் பதிவில் சாட்சியாக, மற்றவர்களின் கோயில் கணக்கில் உபயகாரராக இருக்கின்றன. அதை வைத்திருப்பவர்கள் சொந்தக்காரர்கள் அல்ல. கல்வெட்டு அவர்களின் கைக்குப் போகாது. அது எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எங்களுக்கே திருப்பித் தரும். சஞ்சிகை முன்பின் தெரியாதவரின் மேசைக்குப் போகிறது. அவர் பக்கத்தைப் புரட்டுகிறார், தன் ஊர்ப் பெயரைப் பார்க்கிறார், அலுமாரியைத் திறக்கிறார்.

அப்புறம் திருத்தம். அடுத்த இதழில் அரைப் பக்கம் தந்தார்கள். பூட்டியின் தகப்பன் பெயரையும், அப்பா பிறந்த இடத்தையும் அதில் சரியாகப் போட்டேன். கல்வெட்டில் செய்த பிழையைக் கழுவ நாலு வருடம் ஆனது.

குறைகள் இல்லாமல் இல்லை. கட்டுரை வரப் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் அதை வாசிக்கக் காத்திருந்த பெரியம்மா போய்விட்டார். எட்டுப் பக்கத்தை ஐந்தாக்கினார்கள், எனக்குப் பிடித்த குரங்குக் கதை போய்விட்டது. இப்படியான இதழ்கள் நாலைந்து இதழோடு நின்றுபோவதும் வழமை. ஆகவே இதழ் வந்தவுடன் ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள், நூலகம் நிறுவனத்துக்கும் ஒன்று அனுப்புங்கள். 2005இல் இருந்து ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்த்து வைக்கிறார்கள், கல்வெட்டுகளையும் வாங்குகிறார்கள். அந்த அளவில் கல்வெட்டும் தப்பும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்கள் உள்ள வீடுகளுக்கு எது நல்லது என்பதில் எனக்கு இன்னும் குழப்பம்தான். கல்வெட்டின் வம்சாவழியில் ஒரு பெயருக்கு முன்னால் அமரர் என்று போடுவதா விடுவதா என்று தாய்மார் அழுவதைப் பார்த்திருக்கிறேன். கட்டுரையில் "2009 மே மாதத்தில் இருந்து தகவல் இல்லை" என்று எழுதலாம், எழுதினேன். ஆனால் அது முன்பின் தெரியாதவர்கள் வாசிக்கும் இடம். தாய் விரும்பாவிட்டால் எழுதவே கூடாது. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி, முகவரி எதையும் நான் சஞ்சிகைக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்று, நான் சொன்னது குடியேற்றத் திட்டக் குடும்பத்துக் கதை. தலைமுறை தலைமுறையாக முள்ளியவளையிலும் ஒட்டுசுட்டானிலும் இருந்தவர்களுக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் தங்கள் வீட்டுக்கு என்று இருந்த கடமையே ஒரு பத்திரம் மாதிரி. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வவுனியாப் பக்கம் வந்தவர்களுக்குத் தோட்டத்துப் பதிவுகளில் தேட வேண்டிவரும். அந்த இரண்டு வேலையும் நான் செய்ததில்லை.

மச்சாளுக்கு அன்று போனில் சொன்னது இதுதான். கல்வெட்டைப் போடு, ஆனால் வம்சாவழியை மாமாவின் தாய் தகப்பனோடு நிறுத்து. பந்தலுக்குள் கேட்ட மிச்சத்தை எல்லாம் கொப்பியில் எழுதி வை, யார் சொன்னது என்றும் பக்கத்தில் போடு. எட்டாம் மாதம் காணிக் கிளைக்கு இரண்டு பேரும் போவம். "பேரேட்டில அப்பாவின்ர பேர் இல்லாட்டி?" என்று கேட்டாள். இருந்தால் என்ன செய்வது என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காணிக்கு இப்போது இரண்டு சின்னமாமாமார் வழக்குப் பேசுகிறார்கள்.