காலுறையா, லேசரா, கத்தியா?

கல்லடியில் என் சித்தி விடியற்காலை மூன்று மணிக்கு இடியப்பம் பிழியத் தொடங்கினால் எட்டு மணிவரை நின்ற கால்தான். கெண்டைக்காலில் மண்புழுப் போல நெளிந்து புடைத்திருப்பதை ஊரில் நரம்பு சுருட்டல் என்பார்கள். உண்மையில் அது நரம்பு அல்ல, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம். உள்ளே இருக்கும் சின்ன வால்வுகள் பழுதாகி, மேலே போக வேண்டிய இரத்தம் கீழே தேங்குகிறது. எண்ணெய் தேய்த்தால் சுகமாக இருக்கும்; வால்வு திருந்தாது.

இறுக்கக் காலுறை கனத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். கழற்றினால் பழைய கதைதான். காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன் அணிய வேண்டும். விரல் திறந்த காலுறை என்றால் பாதத்தில் ஒரு சொப்பிங் பையை மாட்டி, மேலே காலுறையை வழுக்கி ஏற்றிவிட்டு, பையை விரல் பக்கமாக உருவிவிடலாம். ஆனால் கச்சான் காற்று அனலடிக்கும் ஆடியில், அடுப்படியில் இதை யார் அணிவார்? சித்தி நான்கு நாள் அணிந்தார். நீரிழிவுக்காரர் காலுக்கு இரத்தம் கொண்டுவரும் நாடிகளில் இரத்தவோட்டத்தைப் பரிசோதிக்காமல் இதை வாங்கவே கூடாது.

லேசரும் சத்திரசிகிச்சையும் எதிரிகள் போலப் பேசப்படுகின்றன. இரண்டும் செய்வது ஒரே வேலை: பழுதான நாளத்தைப் பாதையிலிருந்து நீக்குவது. சத்திரசிகிச்சை கவட்டில் வெட்டிக் கட்டி உருவுகிறது. லேசர் ஊசித்துளை வழியே மெல்லிய இழையைச் செலுத்தி, சூட்டால் உள்ளிருந்தே மூடுகிறது. மரத்துப்போகும் ஊசி போதும், அன்றே நடந்து வீடு போகலாம். “நாளம் போனால் இரத்தம் எப்படி ஏறும்?” என்று சித்தி கேட்டார். பெரும்பங்கைச் சுமப்பவை ஆழத்தில் உள்ள நாளங்கள்.

பிரித்தானியாவின் 2013 வழிகாட்டல் லேசர் போன்ற சூட்டுச் சிகிச்சையை முதலிலும், நுரையான மருந்தைச் செலுத்தி நாளத்தை மூடும் நுரை ஊசியை அடுத்தும், கத்தியை மூன்றாவதாகவும் வைக்கிறது. இவை எதுவும் பொருந்தாதவருக்கே காலுறை. நுரை ஊசி எளிது, ஆனால் மூடிய நாளம் மீண்டும் திறக்கலாம்.

என் தெரிவும் லேசர்தான், கைக்காசு இருந்தால். இல்லாவிட்டால் அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கும் சத்திரசிகிச்சையைத் தாழ்வாக நினைக்கமாட்டேன். கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்தாலோ புண் வந்தாலோ இழுத்தடிக்கக் கூடாது. 2018இல் வெளியான ஆய்வொன்றில், இறுக்கக் கட்டோடு நாளத்தையும் உடனே மூடியவர்களில் பாதிப்பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள்.

சித்திக்கு அடுத்த வாரம் ஸ்கேன். எந்த நாளம் கசிகிறது என்று அதில் தெரிந்த பிறகுதான் மற்றப் பேச்சு.