ட்யூப்லெஸ் பால் என்று பசைத்தண்ணீரை விற்றார்கள்: பாட்டிலில் ஊற்றித் தரும் சீலண்ட் வாங்காதீர்கள்

மலை சைக்கிளை வீட்டிலேயே ட்யூப்லெஸ்ஸாக மாற்ற நினைப்பவர்கள் கிட் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 3,400 ரூபாயும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. சுவரில் ஒரு கறையும், மாமியாரின் தூக்கமும் தனிக்கணக்கு.

கோவையில் தொண்டாமுத்தூர் தாண்டித் தோட்டத்து மண்பாதைகளில் ஓட்டுபவர்களுக்கு நெருஞ்சியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரே காலையில் மூன்று பஞ்சர் பார்த்தேன். என் ட்யூப்பில் ரப்பரைவிட ஒட்டுத்துண்டுதான் அதிகம் என்று நண்பர்கள் கிண்டல் செய்யும் நிலை. ட்யூப்லெஸ் போட்டால் டயருக்குள் ஊற்றும் ரப்பர் பால், அதாவது சீலண்ட், முள் குத்திய ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும், காற்றைக் குறைத்து வைத்து ஓட்டினாலும் ட்யூப் நசுங்காது. சரி, மாற்றிவிடலாம் என்று ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம்.

"கிட்டாவே இருக்குதுங்கண்ணா. டேப்பு, வால்வு ரெண்டு, பாலு அரை லிட்டரு. உங்க டயரே போதும், புதுசெல்லாம் வேண்டாம்" என்றார். டேப் ஒரு பிளாஸ்டிக் உறையில் சுருட்டிக் கிடந்தது. பால், தண்ணீர் பாட்டில் போன்ற ஒன்றில், மூடியில் சீல் இல்லாமல், லேபிளும் இல்லாமல் இருந்தது. "பெரிய கேன்ல வருதுங்க, நாங்க பிரிச்சு ஊத்தறோம், விலை குறையும்ல" என்றார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் தொகையை எழுதி நீட்டினார். அந்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். விலை குறைவதாகச் சொன்னதும் மூளை தூங்கிவிட்டது.

முதல் ஞாயிறு டேப்பிலேயே முடிந்தது. என் ரிம்மில் 622x25 என்று இருக்கிறது. அதாவது உள் அகலம் 25 மில்லிமீட்டர். ரிம்மின் ஸ்போக் ஓட்டைகளை மூடச் சுற்றும் டேப் அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமாக இருந்து, இரண்டு ஓரச் சுவர்களையும் தொட்டுக்கொண்டு உட்கார வேண்டும். கடைக்காரர் தந்ததை அளந்தால் 21. அப்போது எனக்கு இது தெரியாது. சுற்றினேன், சோப்புத்தண்ணீர் தடவி டயரை ஏற்றினேன், பக்கத்துப் பஞ்சர் கடை கம்ப்ரசரில் காற்றடித்தேன். டொப் டொப் என்று டயர் ரிம்மில் போய் உட்கார்ந்தபோது உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது. காலையில் பார்த்தால் டயர் தரையில் படுத்திருக்கிறது, ஸ்போக் முனைகளிலிருந்து வெள்ளை வெள்ளையாகச் சொட்டியிருக்கிறது. டேப்புக்கு அடியில் புகுந்த பால் ஒவ்வொரு ஸ்போக் ஓட்டையாகத் தேடிப் போயிருந்தது. ஸ்போக் வழியாகக் கசிந்தால் கோளாறு டேப்பில்தான், டயரில் அல்ல.

வேறு இடத்தில் 28 மில்லிமீட்டர் டேப் வாங்கினேன். ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்து, இழுத்துப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். அடுத்த ஞாயிறு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பின் சக்கரம். இந்த முறை காற்று நின்றது. ஆனால் ஒரு பக்கம் டயர் முழுதாக ஏறவில்லை, கொஞ்சம் உள்ளே சுணங்கி நின்றது. இன்னும் நாலு பம்ப் அடித்தால் ஏறிவிடும் என்று அடித்தேன். மீட்டர் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) தாண்டியதும் டமார்! டயரின் ஓரம் ரிம்மை விட்டுப் பிய்த்துக்கொண்டு வந்து, பால் மொத்தமும் சுவரில். மாமியார், "சிலிண்டரா மாப்பிள்ளே?" என்று ஓடி வந்தார்.

அது ட்யூப் போட்டு ஓட்டச் செய்த சாதாரண டயர். ட்யூப்லெஸ்ஸுக்கான டயரில் ரிம்மைப் பிடிக்கும் ஓரம் இறுக்கமாக, அதற்கென்றே செய்யப்பட்டிருக்கும். பக்கவாட்டில் 'ட்யூப்லெஸ் ரெடி' என்றோ சுருக்கமாக 'டிஎல்ஆர்' என்றோ அச்சிட்டிருப்பார்கள். "உங்க டயரே போதும்" என்றாரே, அந்த வாக்கியத்தால் என் கண் போயிருக்கலாம். வீட்டில் நடந்ததால் பிழைத்தேன். இறக்கத்தில் திருப்பத்தில் நடந்திருந்தால்?

இனித்தான் விஷயமே. மறுநாள் காலை மனைவி ஈரத்துணியால் சுவரைத் துடைத்தாள். கறை கரைந்து துணியோடு வந்துவிட்டது, லேசான தடம்தான் மிச்சம். அவளுக்கு நிம்மதி, எனக்குச் சந்தேகம்.

என் அம்மா ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம். மாமா வீட்டில் ரப்பர் தோட்டம். சின்ன வயதில் லீவுக்குப் போய் ரப்பர் பால் சிந்திய சட்டையோடு திரும்பி வந்து அம்மாவிடம் அடி வாங்கியவன் நான். ரப்பர் பால் துணியில் பட்டால் அந்தச் சட்டை தோட்டத்துக்குத்தான். சுவரில் பட்டுக் காய்ந்தால் தோல் மாதிரி உரித்தெடுக்கலாமே தவிர, தண்ணீரில் கரையாது.

பாட்டிலில் மிச்சமிருந்ததை இரண்டு சொட்டு விரலில் விட்டுத் தேய்த்தேன். ரப்பர் பாலாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் திரண்டு நூல் நூலாகச் சுருண்டு வரும். ஒட்டுப்பால் (காய்ந்து திரண்ட ரப்பர் பால்) உருட்டி விளையாடிய கைக்கு அது மறக்காது. இது வழுவழுவென்று இருந்துவிட்டு, காய்ந்ததும் பொறுக்காக உதிர்ந்தது. அம்மோனியா நெடியும் இல்லை. (நெடி இல்லாத நல்ல சீலண்டும் உண்டு, அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.) கடைசியாக ஒரு கிண்ணத்தில் அதை ஊற்றி வினிகர் விட்டேன். ஊரில் ரப்பர் பாலை உறைய வைத்து ரப்பர் ஷீட் அடிக்க ஆசிட் ஊற்றுவார்களே, அதே கணக்கு. ரப்பர் பால் என்றால் கட்டியாகத் திரண்டிருக்க வேண்டும். அசையவே இல்லை. வீடியோவில் காட்டியதும் மாமா சிரித்துவிட்டார்: "மக்ளே, இது பாலு இல்ல, பசை."

மரப்பசையைத் தண்ணீரில் கலக்கியது என்பது என் ஊகம். முள் குத்தின ஓட்டை வழியாகக் காற்று பீறிடும்போது ரப்பர் பால் அங்கேயே திரண்டு அடைப்பாகும். பசைத்தண்ணீர் திரளாது, காற்றோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

கடைக்குப் போனேன். முதலில் "போடற விதம் தப்புங்கண்ணா", அடுத்து "உங்க ரிம் சரியில்லீங்க", அதற்கும் அடுத்து "பாட்டில் திறந்துட்டீங்களே". அவர் அலமாரியிலேயே இருந்த, கம்பெனி சீல் வைத்த சின்ன பாட்டில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, அவர் மேசையிலேயே இரண்டு டம்ளரில் வினிகர் வைத்து ஊற்றிக் காட்டினேன். ஒன்று திரண்டது, ஒன்று திரளவில்லை. "சப்ளையர் கொடுத்ததுங்க, எங்களுக்கு என்ன தெரியும்" என்று 1,000 ரூபாய் எடுத்து வைத்தார். அதற்கு மேல் நகரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தால் பில் கேட்டார்கள். என்னிடம் இருந்ததோ கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச்சீட்டு. பொட்டலப் பொருள் என்றால் தயாரிப்பாளர் பெயர், மாதம், அளவு, விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். அது எதுவுமில்லாததைக் காசு கொடுத்து வாங்கி வந்தவன் நான்.

இப்போது டிஎல்ஆர் டயர், 28 டேப், சக்கரத்துக்கு 100 மில்லி நிஜப் பால். முன்னால் 24, பின்னால் 26 பிஎஸ்ஐ. நம்மூர் வெயிலுக்குப் பால் சீக்கிரம் காய்கிறது, நாலு மாதத்தில் ஒருமுறை மேற்கொண்டு ஊற்றினேன். நெருஞ்சி குத்துகிறது, உஸ் என்று ஒரு சத்தம், ஒரு வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான்.

பழைய பாட்டில் மகளிடம் இருக்கிறது. பள்ளிக்கூடச் சார்ட்டில் படம் ஒட்டுகிறாள். நன்றாக ஒட்டுகிறதாம்.