கதைக்கூறு அட்டைப்பெட்டி: வாங்குங்கள், பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள்

கோத்தகிரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான புத்தகம் விற்கும் ஒரு சிறு கடையில் கிடைக்கிறது இந்தப் பெட்டி. அமெரிக்கக் கண்டங்களின் பழங்குடிக் கதைகளில் மறுபடி மறுபடி வரும் கூறுகளை அட்டைக்கு ஒன்றாகப் பிரித்து, முன்பக்கம் படமும் பின்பக்கம் பத்து வரிச் சுருக்கமும் போட்டிருக்கிறார்கள். 36 அட்டை, ஒரு வரைபடம், 480 ரூபாய். தமிழில் இப்படி ஒன்று கைக்குக் கிடைப்பதே பெரிய சந்தோஷம். கதை சொல்லும் ஆசிரியர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் சில அட்டைகளைத் திருத்தியாக வேண்டும்.

நன்றாக வந்திருப்பது அண்டங்காக்கை வெளிச்சம் திருடும் அட்டை. வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையோர ட்லிங்கிட், ஹைடா மக்களின் கதை இது. காக்கை ஊசியிலையாக மாறித் தண்ணீரில் விழுகிறது. தலைவரின் மகள் குடிக்கிறாள், கருத்தரிக்கிறாள். பிறந்த பிள்ளை அழுது அடம்பிடித்து, முதலில் நட்சத்திரம், பிறகு நிலா, கடைசியில் பகல் வெளிச்சம் இருக்கும் பெட்டி என ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறது. பேரனின் அழுகை தாளாமல் தாத்தா பெட்டியை நீட்டும் இடத்துக்குத் தனிப் படம் வைத்திருக்கிறார்கள். கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. சொல்லும்போது அந்தப் படத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள்.

கெட்டுப்போனது முக்குளிப்பு அட்டை. எங்கும் வெள்ளம், ஒரு பிராணி அடியில் போய்ச் சேறு எடுத்து வர, அதிலிருந்து பூமி உருவாகிறது. ஒஜிப்வே போன்ற மக்கள் சொல்லும் வடிவங்களில் பலசாலிகளான நீர்நாய், மரம் கடித்து அணை கட்டும் பீவர் எல்லாம் முயன்று தோற்ற பிறகே சின்னஞ்சிறு மஸ்க்ராட் இறங்கும். உயிர் போகும் நிலையில் மேலே வரும். கைப்பிடிக்குள் துளிச் சேறு இருக்கும். அட்டையில் தோல்விகளை வெட்டிவிட்டு, மஸ்க்ராட்டை ‘பெருச்சாளி’ என்று போட்டுவிட்டார்கள். நம் பிள்ளைகளுக்குச் சாக்கடைதான் கண்ணில் வரும். ‘நீரில் வாழும் எலியினப் பிராணி’ என்று எழுதி ஒட்டுங்கள். தோற்ற பிராணிகளை வாயால் சேர்த்துச் சொல்லுங்கள்.

வரைபடத்திலும் பிழை. முக்குளிப்புக் குறியை ஹோப்பி, ஜூனி மக்களின் நாட்டுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் வாழும் அமெரிக்காவின் வறண்ட தென்மேற்கில் முதன்மையாக இருப்பது வேறு கூறு: கீழுலகங்களிலிருந்து மனிதர் ஒவ்வொரு அடுக்காக மேலேறி வருவது. இதை விளக்க நமக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட தோடர் கதையில், ஓன் என்னும் தெய்வம் நீலகிரியின் குந்தா மலையுச்சியில் மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை வரவழைக்க, கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு முதல் தோடர் வெளியே வருகிறார். இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் கூறு சட்டென்று பிடிபடும். கூறு ஒன்று என்பதால் வேரும் ஒன்று என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

எண்ணிக்கையைக் கவனியுங்கள். எல்லா அட்டையிலும் ‘மூன்று முறை’ என்றே வருகிறது. அது ஐரோப்பியக் கதைப் பழக்கம். வட அமெரிக்காவில் பரவலாக நான்கு. செரோக்கியரிடம் நான்கோடு ஏழும் முக்கியம். நாலாம் முறைதான் காரியம் பலிக்கும். மூன்றோடு நிறுத்தினால் கதையின் தாளம் தப்பும்.

தென் அமெரிக்காவுக்கு ஐந்தே அட்டை. பிரேசிலின் கயாப்போ மக்களின் நெருப்புக் கதை, அதாவது மக்கா கிளிக்கூட்டருகே சிக்கிய பையனை ஜாகுவார் இறக்கிவிட்டுச் சுட்ட இறைச்சி கொடுப்பது, குறையில்லாமல் இருக்கிறது.

நரி போன்ற கொயோட்டே என்னும் விலங்கின் கதைகளை வட அமெரிக்காவின் நவஹோ மக்கள் பனிக்காலத்தில் மட்டுமே சொல்வார்கள். பெட்டியில் இந்தக் குறிப்பு இல்லை. மே மாத சீசன் முகாமில் கொயோட்டே வரும் நாலு அட்டைகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெளுக்க உறைபனி விழும் நாட்களில் எடுங்கள்.

அட்டை தடிமன்தான், ஆனால் மேல்பூச்சு இல்லை. ஜூன் மழையில் மூடுபனி வீட்டுக்குள் வந்தால் ஓரம் சுருளும். வாங்கிய வாரமே லேமினேட் செய்யுங்கள். சுற்றிலும் 3 மி.மீ. விட்டு வெட்டச் சொல்லுங்கள். ஒட்ட வெட்டினால் ஈரம் உள்ளே ஏறிப் படம் உரியும்.